வெட்டாத மரத்தின் விலை

2004 ஆவணி, வியாழன்

புவியைச் சூடாக்கும் காபனைக் காடு பிடித்துவைப்பதால், மரங்களை வெட்டாமல் விடுவோருக்கு வெளிநாட்டுக் காசு வரலாம். அந்த ஆய்வுக்காக இன்று துணுக்காய்க்குப் போனேன். செல்வராணி அக்காவின் காணியில் பெரிய பாலைமரங்கள் நிற்கின்றன.

"காசு வராட்டி இதுகளை வெட்டுவீங்களோ அக்கா?" என்று படிவத்தைப் பார்த்துக் கேட்டேன்.

"நான் ஏன் வெட்டப்போறன்? பாலைப்பழத்துக்குப் பிள்ளையள் காத்திருக்குதுகள்."

வெட்டவிருந்தவர்கள் வெட்டாமல் விட்டால்தான் காசு என்று விளக்கினேன்.

"அப்ப கோடாலியைத் தீட்டி வச்சிருக்கிறவைக்குத்தான் காசோ, தம்பி?"

மாலையில் கொழும்பிலிருந்து வந்திருக்கும் பொருளியல் ஆலோசகரிடம் இதையே கேட்டேன். அவர் பேனையை வைத்துவிட்டு, படிவத்தை முதலிலிருந்து வாசித்தார்.

படிவத்தில் 'வெட்டமாட்டார்' என்றே எழுதினேன். அக்காவின் கேள்விக்கு அதில் இடமில்லை. அதை ஓரத்தில், பெரிய எழுத்தில் எழுதிவைத்தேன்.