கம்பெனி பஸ்ஸில் ஏறாத நான்கு நாட்கள்

ராஸ் அல் கைமா
18.8.2005

அன்பு மகள் ஜோதிமணிக்கு அப்பா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் மதுரை விடுதியில் நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியாத்தா துணை நிற்கட்டும். தன் கால் வீக்கம் வடிந்துவிட்டது என்று அம்மா போனில் சொன்னாள், எனக்கு நம்பிக்கையில்லை, ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வா.

சரித்திரப் பாடத்தில் படித்ததாக எழுதியிருந்தாயே, அமெரிக்காவில் மாண்ட்கோமரி என்ற ஊரில் பஸ்ஸில் வெள்ளைக்காரருக்கு இடம்விட மறுத்த ரோசா பார்க்ஸ் என்ற தையல்கார அம்மாவைக் கைது செய்ததும், கறுப்பு ஜனங்கள் ஒரு வருஷத்துக்கு மேல் பஸ் ஏறாமல் நடந்தே வேலைக்குப் போய் ஜெயித்தார்கள் என்று, அதை ரூமில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். தொண்டிக்காரன் ஹபீப் முகம்மது மட்டும் திரும்ப ஒருமுறை வாசிக்கச் சொன்னான். போன மாதம் எங்களைக் குவாரிக்குக் கொண்டுபோகும் பஸ்ஸில், ஜன்னல் திறக்காத அந்தத் தகரப் பெட்டிக்குள், எங்களோடு கல் உடைக்கும் ஐயப்பன் வெக்கை தாங்காமல் மயங்கி விழுந்தான், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. வேறு பஸ் கேட்டோம். சூப்பர்வைசர் அரபியில் "மாஃபி", இல்லை போ என்று கையை விரித்தார். அப்போதுதான் ஹபீப், "அந்தச் சனம் ஒரு வருசம் நடந்துச்சு, நாம நாலு நாளு நடக்க மாட்டமாண்ணே?" என்றான். விடியுமுன் கிளம்பி முப்பத்தெட்டுப் பேர் ஏழு கிலோமீட்டர் நடந்தோம், காலி பஸ் ஹாரன் அடித்தபடி பின்னாலேயே ஊர்ந்து வந்தது. சிரித்துக்கொண்டே நடந்தோம்மா, இந்த அரபு நாட்டுக்கு வந்த பதினொரு வருஷத்தில் எனக்கு அப்படி ஒரு காலை வந்ததில்லை.

நாலு நாள்தான். ஐந்தாம் நாள் ஆபீஸுக்குக் கூப்பிட்டு, ஹபீப்தான் எங்களைத் தூண்டிவிட்டான் என்று எழுதிய காகிதத்தை நீட்டினார்கள், கையெழுத்துப் போடாதவனுக்கு விசா கேன்சல். அந்த மாண்ட்கோமரி ஜனங்களுக்கு எல்லோரும் சமம் என்று எழுதிவைத்த சட்டம் இருந்தது, கோர்ட்டில் காட்டிக் கேட்டார்கள். நாங்கள் எதைக் காட்டுவது, பாஸ்போர்ட்டே முதலாளி பீரோவில் கிடக்கிறது. உன் படிப்பும் அம்மா காலும் கண்முன் வந்தன, போட்டுவிட்டேன். முப்பத்தேழு பேரும் போட்டோம். ஊருக்குத் திருப்பி அனுப்ப ஹபீபை வேனில் ஏற்றும்போது அவன், "விடுங்கண்ணே, புள்ளைகளப் பாருங்க" என்றான், நான் நிமிரவில்லை. இப்போதும் அதே பஸ்தான், அதே ஜன்னல்தான். நாளைக்கு இன்னொருவன் விழுந்தாலும் இங்கே யாரும் வாய் திறக்கப் போவதில்லை.

உன்மேல் தப்பில்லை, மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே, நேரத்துக்குச் சாப்பிடு, நல்லா இரு தாயே. தொண்டிப் பக்கம் போக நேர்ந்தால் ஹபீப் மனைவி மதீனா பீவியைப் பார்த்து நாலு வார்த்தை ஆறுதலாகப் பேசு, யார் மகள் என்று மட்டும் சொல்லிவிடாதே.

இப்படிக்கு
உன் அப்பா
கார்மேகம்