காலியாக விடப்பட்ட கட்டம்

மார்ச் 3, திங்கள்

பால் தீர்ந்துவிட்டது. கழுத்துவலி தொடர்கிறது. அஃபிலியேட் திட்டம் இன்று தொடங்கியாயிற்று.

தம்பி காலையிலிருந்து கணினி முன்னால் அசையவில்லை. நான் கடிதங்கள் எழுதினேன். விஷயம் எளிதுதான். வெளியாள் யார் வேண்டுமானாலும் எங்களிடம் ஒரு லிங்க் வாங்கிக்கொள்ளலாம். அதன் வழியாக யாராவது எங்கள் ஆப்புக்குச் சந்தா கட்டினால், அவர் சந்தாவில் இருக்கும்வரை லிங்க் வாங்கியவருக்கு மாதாமாதம் கமிஷன். விளம்பரம் செய்ய வக்கில்லாதவர்களுக்கு இதுதான் வழி.

சேர்த்துவிட்டவருக்குத் தானாகப் போகும் கடிதம் ஒன்று எழுதினேன்: 'வாழ்த்துகள்! நீங்கள் அழைத்து வந்தவர் மூன்று மாதமாக எங்களை விட்டுப் போகவில்லை.' தம்பி படித்துவிட்டு, "நல்லா வந்திருக்குக்கா" என்றான். அவன் பாராட்டுவது அபூர்வம். அதனால் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 11, செவ்வாய்

இதுவரை ஐம்பது லிங்க்காரர்கள். சேர்ந்த சந்தாதாரர்கள் மூன்றே பேர். அதில் ஒருவர் சித்தி.

மார்ச் 19, புதன்

நாற்பத்தொன்றாம் எண் லிங்க்காரர் போன் செய்தார். குரலில் அவ்வளவு பணிவு. அடுக்குமாடிக் கட்டடங்களில் வீடு வீடாகப் போய்ப் பேசுகிறாராம், தனியாக இருக்கும் வயதானவர்களிடம்.

எங்கள் ஆப் அவர்களுக்குத்தான். தினமும் காலை பத்து மணிக்குள் 'நலம்' பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் உறவினர் ஒருவருக்குச் செய்தி போகும். அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து ஒரு பகல் முழுக்க யாருக்கும் தெரியாமல் கிடந்த பிறகு, நானும் தம்பியும் சேர்ந்து செய்தது.

"உறவினர் நம்பர்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க மேடம், அதைக் கட்டாயம் இல்லைன்னு ஆக்கிடுங்க. பாதிப் பேரு அங்க வந்துதான் நின்னுடறாங்க" என்றார்.

தம்பி முகத்தைச் சுளித்தான். "வெறுமனே விட முடியாதுக்கா. செய்தி எங்கயாவது போய்த்தான் ஆகணும்." கடைசியில் கட்டாயத்தை எடுத்துவிட்டு, காலியாக விடுபவர்களுக்காக, சோதனைக்கென எப்போதோ திறந்த பழைய மெயில் முகவரி ஒன்றை அங்கே போட்டுவிட்டான். தற்காலிகமாகத்தான். பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஏப்ரல் 2, புதன்

இரண்டே வாரத்தில் நாற்பத்தொன்று மட்டும் முப்பத்தாறு பேரைச் சேர்த்திருக்கிறார்! தம்பியும் நானும் அலுவலகத்திலேயே குதித்தோம். வாடிக்கையாளர் போன்களை எடுக்கும் அக்கா, 'இதுங்களுக்கு என்ன வந்துச்சு' என்பதுபோல் பார்த்தார்.

ஏப்ரல் 24, வியாழன்

ஒரு விஷயம் உறுத்துகிறது. மற்றவர்கள் சேர்த்த ஆட்கள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எழுத்து சின்னதாக இருக்கிறது, பட்டன் எங்கே, மகன் எண் மாறிவிட்டது. நாற்பத்தொன்றின் ஆட்கள் ஒருவர்கூடக் கூப்பிட்டதில்லை. குறை இல்லை, கேள்வி இல்லை. யாரும் விலகவும் இல்லை.

"நல்லதுதானே?" என்கிறான் தம்பி.

நல்லதுதான்.

மே 9, வெள்ளி

நாற்பத்தொன்றின் ஆட்கள் இப்போது எண்பத்தெட்டு பேர். அதே அமைதி.

மே 20, செவ்வாய்

நாற்பத்தொன்றின் ஆட்களிடமிருந்து முதல் அழைப்பு வந்தது. போன் எடுக்கும் அக்கா என்னிடம் வந்து சொன்னார். வயதான அம்மா ஒருவர். கோபமே இல்லையாம். மன்னிப்புக் கேட்கிற குரலில் பேசினாராம்.

"நேத்து பட்டனை அழுத்த மறந்துட்டேன்மா. அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. சரி, ஆளு வந்துடுமேன்னு நல்ல புடவையா கட்டிட்டு, கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் வரைக்கும் யாரும் வரல. வழி தெரியலையோ?"

எந்த ஆள்? நாங்கள் யாரையும் அனுப்புவதில்லையே. ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார், விளக்கிச் சொல்லுங்கள் என்றேன். புது விலைப் பட்டியலைப் பார்க்க உட்கார்ந்துவிட்டேன்.

ஜூன் 5, வியாழன்

அக்கா இன்று என் மேசைக்கு எதிரில் வந்து நின்றுகொண்டார். "இந்த வாரத்துல மூணாவது ஆளு. எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. அழுத்தலைன்னா ஒரு டீமே கிளம்பி வருமாம். யாரு சொன்னாங்கன்னு கேட்டேன். வீட்டுக்கு வந்து சேர்த்துவிட்ட ஆளுன்னு சொல்றாங்க."

நாற்பத்தொன்றின் பட்டியலைத் திறந்தேன். எண்பத்தெட்டில் அறுபத்து மூன்று பேருக்கு உறவினர் கட்டம் காலி.

அந்தக் கட்டத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள் என்று அன்று நாற்பத்தொன்று சொன்னாரே. ஏன் நின்றார்கள் என்று நான் கேட்டேனா? எழுத ஆளில்லை, அதனால் நின்றார்கள். அதுகூடவா தோன்றாது எனக்கு?

பழைய மெயிலின் பாஸ்வேர்டு தம்பிக்கு மறந்துபோயிருந்தது. அதைத் திறக்க ஒரு மணி நேரம். படிக்காத செய்திகள் இருநூற்றுப் பதினான்கு. பெரும்பாலும் ஒருநாள் மறதிகள். ஒருவருடையது மட்டும் வரிசையாக, மே 26 முதல் இன்று வரை, பதினொரு நாள். தையற்காரர், எழுபத்திரண்டு வயது, நான்காம் மாடி.

போன் அணைந்திருக்கிறது. முகவரி பதிவில் இருக்கிறது. கிளம்புகிறேன்.

ஜூன் 6, வெள்ளி

நேற்று வந்து எழுத முடியவில்லை.

லிஃப்ட் வேலை செய்யவில்லை. படியேறிப் போனேன். கதவில் புதுப் பூட்டு. மணியை அடித்தேன், ஒருவேளை... என்ன ஒருவேளை? வெளியே பூட்டு தொங்குகிறது.

எதிர்வீட்டு அம்மா ஈரக்கையோடு வந்தார். "அவரைப் போன சனிக்கிழமையே எடுத்துட்டுப் போயிட்டாங்களே. வாடை வந்துதான் நான் போலீசுக்குச் சொன்னேன்."

அவரே தொடர்ந்தார்.

"தினம் பேப்பர் எடுக்க வரும்போது அவரு கதவை ரெண்டு தட்டு தட்டுவேன். உள்ள இருந்து அவரும் ரெண்டு தட்டுவாரு. மூணு வருஷமா இப்படித்தான். மார்ச் கடைசில அவரே வந்து, இனிமே உங்களுக்கு எதுக்கும்மா சிரமம், என்னைப் பார்த்துக்க ஆளு வச்சாச்சுன்னாரு. போனைக் காட்டினாரு. அவ்வளவு சந்தோஷம். நானும் தட்டுறத விட்டுட்டேன்."

பிறகு கேட்டார்: "நீங்க சொந்தமா?"

தூரத்துச் சொந்தம் என்றேன். என் வாயில் அது எப்படி வந்தது?

ஜூன் 7, சனி

நாற்பத்தொன்றிடம் பேசினேன். கத்த வேண்டும் என்று நினைத்துத்தான் கூப்பிட்டேன்.

"யாராவது வருவாங்களான்னு கேட்டாங்க மேடம். வருவாங்கன்னேன். நிம்மதியாத்தானே இருந்தாங்க?" அதே பணிவு. பிறகு, "அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டது நீங்கதானே மேடம்" என்றார்.

போனை வைத்துவிட்டேன். பாவி நான். அவர் பொய்யை உள்ளே விட்டதே நான்தானே.

ஜூன் 16, திங்கள்

லிங்க்குகளை எல்லாம் மூடச் சொல்லிவிட்டேன். மற்ற அறுபத்திரண்டு பேரிடமும் நானே பேசி முடித்தேன். யாரும் வரமாட்டார்கள் என்று ஒவ்வொருவரிடமும் என் வாயால் சொன்னேன். சிலர் திட்டினார்கள், அது தேவலை. ஒருவர், "அப்படியா, சரிம்மா" என்று மட்டும் சொன்னார்.

நாற்பது பேர் தேடிப்பிடித்து யாரோ ஒருவர் எண்ணைக் கொடுத்தார்கள். இருபத்திரண்டு பேருக்கு யாருமே இல்லை. அந்தக் கட்டங்களில் என் எண்ணைப் போட்டேன்.

"அக்கா, இது பிசினஸா?" என்று கேட்டான் தம்பி. சாயங்காலம் பார்த்தால், என் எண்ணுக்குக் கீழே தன் எண்ணையும் சேர்த்திருக்கிறான்.

ஜூன் 28, சனி

காலையில் மெயிலில் ஒரு நகல். 'வாழ்த்துகள்! நீங்கள் அழைத்து வந்தவர் மூன்று மாதமாக எங்களை விட்டுப் போகவில்லை.' தையற்காரருக்காக, நாற்பத்தொன்றுக்குப் போயிருக்கிறது. லிங்க்குகளை மூடினோம், கடிதத்தை மறந்துவிட்டோம். தையற்காரரின் கணக்கை மூடவும் எனக்குக் கை வரவில்லை. கடிதத்தின் ஒவ்வொரு எழுத்தும் என்னுடையது.

பத்து மணி ஆகிவிட்டது. இருபத்தொரு பேர் அழுத்தியிருக்கிறார்கள். அழுத்தாதது அந்த அம்மா, நல்ல புடவை கட்டிக்கொண்டு காத்திருந்தவர். இரண்டு முறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

மறந்திருப்பார். இல்லை, யாராவது வருகிறார்களா என்று பார்க்கிறாரோ? அப்படித்தான் இருக்க வேண்டும். தம்பி வண்டியை எடுத்துவிட்டான், கீழே ஹார்ன் அடிக்கிறான். போய்க் கதவை ரெண்டு தட்டு தட்டணும்.