சாய்கோடு போட்ட மூன்று வரிகள்

வியாழக்கிழமை மதியம் சோழவந்தான் பக்கத்து அரிசி ஆலையில், நம் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அது மறுபடி கிளம்புவதற்காகக் காத்திருந்தேன். பக்கத்துக் கொட்டகையில் நெல் அவிக்கிற வாடை உள்ளே வந்தது. உனக்கு அது ஆகாது. மூக்கில் கர்சீப்பைக் கட்டிக்கொண்டுதான் கேமராவைப் பொருத்துவாய். "சோறு மட்டும் நல்லா இறங்குதே" என்று நான் கேட்டால், "சோத்துல இந்த வாடை வராதுல்ல மாப்ள" என்பாய். நீ செத்து இரண்டு வருடம் ஆகிறது. இதுவரை உனக்கு எழுத என்னிடம் எதுவும் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது.

கோச்சடையில் நமக்கு ஒரு மாடி அறை, நான்கு மேசை. அரிசியில் கருப்பு விழுந்ததைக் கேமராவில் பார்த்து ஊதித் தள்ளுகிற இயந்திரம் செய்தோம். கணினியின் அடிப்படை மென்பொருளான கெர்னலுக்குள் உட்கார்ந்து கேமராவை நடத்துகிற டிரைவர் நிரல் உன்னுடையது. படத்தைப் பார்த்து எது கருப்பு என்று சொல்கிற நிரல் என்னுடையது. ஒவ்வொரு படத்தையும் நகலெடுத்துக் கொடுத்தால் அதற்குள் அரிசி கீழே விழுந்துவிடும். அதனால் கேமரா படம் எழுதுகிற மெமரியையே எனக்கு நேராகத் திறந்துவிட்டாய். எங்கிருந்து, எவ்வளவு வேண்டும் என்று என் நிரல் கேட்கும். கேட்டது கேமராவுக்கு ஒதுக்கிய இடத்துக்குள் அடங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உன் டிரைவர் திறக்கும். அந்தச் சோதனை மூன்றே வரி. அது இல்லாவிட்டால் கணினியின் மெமரி முழுவதையும் எவனும் படிக்கலாம், மாற்றி எழுதலாம். ஓர் அறையைக் கேட்டு வந்தவனிடம் வீட்டுச் சாவிக்கொத்தைக் கொடுத்துவிடுகிற கதைதான்.

முதல் இயந்திரத்தை இதே ஆலையில் ஓடவிட்ட நாளில் நீ இல்லை. பழங்காநத்தத்தில் உன் தங்கைக்கு நிச்சயதார்த்தம். டிரைவர் மெமரியைத் திறக்க மறுத்தது. ஆலை முதலாளி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார். உன்னைக் கூப்பிட்டேன். போனில் உன் வீட்டுப் பெண்கள் சௌராஷ்டிர மொழியில் பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"உன் செக்குதான் தடுக்குது மாப்ள."

"அப்ப உன் புரோகிராம் கூடக் கேக்குது. எம்புட்டு கேக்குதுன்னு முதல்ல பாரு. செக்கை மட்டும் தொட்றாத. காலைல வாரேன்."

தப்பு என் நிரலில் இருக்கும் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. உன் மூன்று வரிகளுக்கு முன்னால் இரண்டிரண்டு சாய்கோடு போட்டேன். போட்டால் அந்த வரி இருக்கும், ஆனால் வேலை செய்யாது. இயந்திரம் ஓடியது. "ரீபூட் பண்ணேன், சரியாப்போச்சு" என்று உன்னிடம் சொன்னேன். "அப்படியா" என்றாய். நிரலின் வரிகளை யாரும் திறந்து படிக்கும்படி, அந்தப் பிரதிதான் பிறகு எல்லா ஆலைகளுக்கும் போனது.

ஆறு மாதத்தில் நீ சென்னைக்கு வேலை மாறிப் போனாய். ஆலைக்காரர்கள் வீட்டிலிருந்தே செல்போனில் பார்க்கலாம் என்று இயந்திரங்களை இணையத்தில் இணைத்தார்கள். போன மாதம், இப்படிப்பட்ட ஓட்டைகளைத் தேடுகிற ஒரு பெண் எனக்கு எழுதியிருந்தார். இயந்திரத்தில் சாதாரணக் கணக்கு வைத்திருக்கிற யாரும் அதன் முழு உரிமையாளர் ஆகிவிடலாம், சரிசெய்யுங்கள், பிறகு அறிக்கையாக வெளியிடுவேன் என்று. அவர் அனுப்பிய அறிக்கை வரைவில், டிரைவரை எழுதியவர் என்ற இடத்தில் உன் பெயர் இருந்தது. கோப்பின் தலைப்பில் உன் பெயர்தானே இருக்கிறது. அந்த முதல் பக்கத்தை அச்செடுத்து உன் மகள் ஆனையூர் வீட்டில் தன் மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறாள்.

உள்ளதைச் சொல்கிறேன். ஒரு நாள் முழுக்க, அறிக்கையில் உன் பெயரே இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் நினைத்தேன். உன்னை இனி யார் கேள்வி கேட்கப் போகிறார்கள்?

அந்தப் பெண்ணின் கடிதத்தின் கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. "அந்த மூன்று வரிக்கு மேலே ஒரு குறிப்பு இருக்கிறது. எழுத்து ஆங்கிலம், மொழி ஆங்கிலம் இல்லை. என்ன அது?" ஒன்பது வருடமாக நான் அந்தக் கோப்பைத் திறக்கவில்லை. அன்று திறந்தேன். ஆங்கில எழுத்தில் உன் தமிழ். "மாப்ள எடுத்திருக்கான். அவனே வந்து போடட்டும்."

முதலில் கோபம்தான் வந்தது. மூன்று வரி, நீயே போட்டிருக்கலாம். அப்போது இணையத்தில் இல்லாத இயந்திரம்தானே, அவனாகச் சொல்லும்வரை பொறுக்கலாம் என்று விட்டாயோ என்னவோ. தெரிந்துகொண்டே ஆறு மாதம் பக்கத்து மேசையில் உட்கார்ந்து என் டிபன் பாக்ஸிலிருந்து புளியோதரை எடுத்துத் தின்றிருக்கிறாய். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் வெட்கமாக இருந்தது.

நீ சொன்னபடி எவ்வளவு கேட்கிறது என்று பார்த்தேன். என் நிரல் எப்போதும் படத்தில் ஒரு வரிசை கூடுதலாகவே கேட்டிருக்கிறது. நம் அலுவலகக் கேமராவில் மிச்ச இடம் இருந்ததால் தெரியாமல் போயிருக்கிறது. ஆலையில் இடம் கச்சிதம். என் நிரலில் ஒரு '+1'ஐ அழித்தால் தீர்கிற விஷயம். சோதனையை எடுத்தது நான்தான் என்று அந்தப் பெண்ணுக்கு எழுதினேன். உன் குறிப்புக்கு அர்த்தமும் சொன்னேன். அறிக்கையில் இப்போது என் பெயர் இருக்கிறது.

வியாழக்கிழமை உன் மூன்று வரிகளோடு இயந்திரம் ஓடியது. அரிசி இறங்கியது, கருப்பு தனியாகப் பறந்தது. முதல் நாளிலிருந்து அதை ஓட்டுகிற பாண்டி வந்து நின்றார்.

"இம்புட்டு நாளும் நல்லாத்தானண்ணே ஓடுச்சு?"

"உள்ள ஒரு தப்பு இருந்துச்சு."

"யாரு, அந்தக் கர்சீப் கட்டுன அண்ணன் பண்ணதா?"

"இல்ல. நான் பண்ணது."

"சரிண்ணே, டீ சொல்றேன்" என்று போய்விட்டார். ஒன்பது வருடம் நான் பயந்துகொண்டிருந்தது இதற்குத்தான்.

சாய்கோடுகளை எடுத்துவிட்டேன். உன் குறிப்பை எடுக்கவில்லை, இனி இந்த டிரைவர் போகிற இடமெல்லாம் அதுவும் போகும். அதற்குக் கீழே, உன்னைப்போலவே ஆங்கில எழுத்தில், ஒரு வரி சேர்த்திருக்கிறேன். "போட்டுட்டேன் மாப்ள. லேட்டுதான்."