நலமாக இருப்பவர்களுக்கு நர்ஸ் வரமாட்டார்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மகள் எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் நலம். அத்தை நலமாக இல்லை. ஆனால் அதை இப்போது வாய்விட்டுச் சொல்கிறாள், அதுதான் இந்தக் கடிதத்தின் நல்ல செய்தி. பதறாமல் கடைசிவரை படி.

அத்தையைக் கவனிக்க ஆள் கிடைக்காவிட்டால் கிரேன் ஓட்டும் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். அப்பா அதைப் படித்துவிட்டு மடித்துத் தையல் மிஷின் இழுப்பறைக்குள் வைத்தார். பிறகு ஒரு சட்டைக்கு இரண்டு இடது கைகளை வைத்துத் தைத்துவிட்டார். சட்டைக்காரர் இன்னும் வந்து கேட்கவில்லை.

அத்தை பஸ் படியில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு, ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தது வரை உனக்குத் தெரியும். கட்டு மாற்ற நர்ஸும், நடக்கப் பழக்க பிசியோதெரபிஸ்ட்டும் வீட்டுக்கே வரவேண்டும் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். அதற்கான பணத்தை அத்தை கண்டக்டராக இருக்கும் பஸ் கம்பெனியின் இன்சூரன்ஸ் கொடுக்கும். ஆனால் அவர்கள் முதலில் ஒரு நர்ஸை அனுப்பி, உண்மையிலேயே தேவையா என்று பார்ப்பார்கள். நாங்கள் கோட்டைவிட்டது இங்கேதான்.

அவர் வரும் நாளன்று வீட்டை நீ பார்த்திருக்க வேண்டும். ஜன்னல் கம்பிகளைக்கூடத் துடைத்தோம். வெட்டுத் துணிகளையெல்லாம் அப்பா மூட்டை கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். அத்தை என்னைத் தலை வாரிவிடச் சொல்லி, பவுடர் போட்டு, டூட்டிக்குப் போடும் கறுப்புக் காலணியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். "அந்தக் கண்றாவியை எங்கயாவது ஒளிச்சு வை" என்றாள். பிடித்துக்கொண்டு நடக்கக் கொடுத்த வாக்கரைத்தான் சொன்னாள். நானும் அதைத் தூக்கிப்போய் பீரோவுக்குப் பின்னால் வைத்தேன். வீட்டுக்கு ஒருவர் வந்தால் நாம் எப்போதும் இப்படித்தானே செய்வோம்? யாருக்கும் வேறு மாதிரி தோன்றவேயில்லை.

கதவு தட்டும் சத்தம் கேட்டதும் அத்தை எழுந்து நடந்து போய்த் திறந்தாள், அம்மா! பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தபடி "வாங்க மேடம்" என்றாள். நீங்களே குளித்துக்கொள்வீர்களா என்று நர்ஸ் கேட்டதற்கு, "பின்னே, ஊரா வந்து குளிப்பாட்டும்?" என்றாள். வெளியே போகமுடிகிறதா என்றதற்கு, "கம்பெனி கூப்பிட்டா இப்பவே டபுள் டூட்டி பார்ப்பேன்" என்றாள். அப்பாவும் தன் பங்குக்கு, "எங்க அக்கா எதுக்கும் அசர்ற ஆள் இல்லை மேடம்" என்று பெருமையாகச் சொன்னார். நர்ஸ் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனார். அவர் தெருமுனை திரும்புவதற்குள் அத்தை நாற்காலியில் சரிந்தவள்தான். பொழுது சாயும்வரை எழுந்திருக்க முடியவில்லை.

பதில் வந்தது. நோயாளி தாமாக நடமாடுகிறார், வெளியே செல்ல இயலும், எனவே வீட்டுச் சேவைக்குத் தகுதி இல்லை என்று. அத்தை அதைக் கேட்டுவிட்டு, "பார்த்தியா, பாஸாயிட்டேன்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அதற்கு அடுத்த நாள்தான் உன் கடிதம் வந்தது.

இன்சூரன்ஸ்காரர்கள் ஒரு புத்தகம் கொடுத்திருக்கிறார்கள். அதை யாரும் படிப்பதில்லை. நான் படித்தேன். நீ சிரிப்பாய், அட்டையில் இருக்கும் அச்சகத்தின் பெயர் வரைக்கும் படித்தேன். அதில் என்ன இருக்கிறது தெரியுமா? "வீட்டோடு இருப்பவர்" என்றால் படுத்த படுக்கையாக இருக்கவேண்டும் என்று அர்த்தமே இல்லை. இன்னொருவர் உதவியோ வாக்கரோ இல்லாமல் வெளியே போகமுடியாது, போனால் மிகவும் சிரமப்படுவார் என்றாலே போதும். டாக்டரைப் பார்க்க வெளியே போய் வந்தால்கூடத் தகுதி போகாது. இன்னொன்றும் இருந்தது. குளிப்பாட்டி விட மட்டும் ஆள் கேட்டால் தரமாட்டார்கள். ஆனால் நர்ஸ் வந்துகொண்டிருக்கும் வரைக்கும் அதற்கும் ஒரு பெண்ணை அனுப்புவார்கள், அந்தச் செலவும் அவர்களுடையதே. முடிவு தவறு என்று நினைத்தால் மறுபடி வந்து பார்க்கச் சொல்லவும் நமக்கு உரிமை உண்டு.

இதையெல்லாம் அத்தையிடம் படித்துக் காட்டினேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, "முடியலை முடியலைன்னு ஒருத்தர் முன்னாடி என்னால அழ முடியாது. போய் உன் பாடத்தைப் படி" என்றாள்.

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. அத்தை அடிக்கடி சொல்வாளே, பார்வை இல்லாத ஒரு பெரியவர் இலவச பஸ் பாஸைச் சட்டைப்பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு தினமும் காசு கொடுத்து டிக்கெட் வாங்கினார் என்று. அந்தக் கதையைச் சொல்லு என்றேன். "அதுக்கென்ன இப்ப?" என்றாள். "அவர்கிட்ட நீ என்ன சொன்னே, அதை மட்டும் சொல்லு" என்றேன். மெதுவாக, "உங்களுக்குன்னு கொடுத்ததை எடுத்துக் காட்ட என்னய்யா வெட்கம், நீங்க என்ன திருட்டு ரயிலா ஏறுறீங்கன்னு கேட்டேன்" என்றாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அடி கழுதை, எனக்கே டிக்கெட் கிழிக்கிறியா?" என்று தலையணையைத் தூக்கி என் மேல் எறிந்தாள். அது பாதி வழியிலேயே விழுந்துவிட்டது. மறுநாள் அப்பா இன்சூரன்ஸ்காரர்களுக்குப் போன் செய்து மறுபடி வரச் சொன்னார்.

அதே நர்ஸ்தான் வந்தார். இந்தத் தடவை நாங்கள் எதையும் ஒதுக்கி வைக்கவில்லை. வாக்கர் கூடத்தின் நடுவில் நின்றது. அத்தை வாசல் வரை நடந்து காட்டினாள். கதவருகில் ஒரு தரம், மிஷின் பக்கத்தில் ஒரு தரம் என்று நின்று நின்று மூச்சு வாங்கினாள். "இந்த பஸ் இனிமே எல்லா ஸ்டாப்பிலயும் நின்னுதான் போகும் மேடம்" என்றாள். நர்ஸ் சிரித்துவிட்டார். "நான் போற வீடெல்லாம் பளபளன்னுதான் இருக்கும். ஒரு வீட்டிலயும் நோயாளியே இருக்க மாட்டாங்க. கண்ணுல பட்டதைத்தானே நான் எழுத முடியும்?" என்றார்.

பிறகு குளிப்பதைப் பற்றிக் கேட்டார். அத்தை அப்பாவைப் பார்த்தாள். அப்பா சட்டென்று போய் மிஷினில் உட்கார்ந்து வேகமாக ஓட்டத் தொடங்கிவிட்டார். ஊசிக்குக் கீழே துணியே இல்லை, அம்மா. அந்தச் சத்தத்துக்குள் அத்தை தாழ்ந்த குரலில், குளியலறையில் ஒரு நாள் விழுந்ததையும், குழாயைப் பிடித்து எழுந்ததையும், அன்றிலிருந்து ஈரத் துணியால் துடைத்துக்கொள்வதோடு சரி என்பதையும் சொன்னாள். நான் பள்ளிக்கூடம் போயிருந்தபோது நடந்திருக்கிறது. எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவே தெரியாது.

சேவை கிடைத்துவிட்டது. நர்ஸ் வந்து கட்டு மாற்றுகிறார். புண் ஆறிக்கொண்டு வருகிறது என்கிறார். பிசியோதெரபிஸ்ட் அத்தையை நடக்கவைக்கிறார், அத்தை அவருக்கு "ரைட், ரைட்" சொல்லிக்கொடுக்கிறாள். குளிப்பாட்ட வரும் அக்கா நன்றாகப் பாடுவாள் போலிருக்கிறது, உள்ளேயிருந்து இரண்டு குரல் கேட்கிறது. இதெல்லாம் காலத்துக்கும் தொடராது. கொஞ்ச காலம் கழித்து மறுபடி பார்த்து, தேவை இருந்தால்தான் நீட்டிப்பார்கள். சமையலும் கடைக்குப் போவதும் அதில் சேராது, அதை நானும் அப்பாவும் பார்த்துக்கொள்கிறோம். வாக்கருக்கு மட்டும் நம் பங்காகக் கொஞ்சம் கட்டவேண்டி வந்தது, கட்டிவிட்டோம். நான் ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடவில்லை.

அதனால் நீ கிரேனிலிருந்து இறங்கி வரவேண்டாம். அத்தையும் இதையே எழுதச் சொன்னாள். "பாதி ரூட்டில் வண்டியை நிறுத்துறவ எனக்குச் சொந்தமே இல்லைன்னு எழுது" என்றாள். சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

நான் ஒன்று கேட்கவேண்டும், அம்மா. உன் பழைய கடிதங்களை எடுத்துப் படித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அறை நன்றாக இருக்கிறது, சாப்பாடு நன்றாக இருக்கிறது, உயரம் பழகிவிட்டது என்றுதான் இருக்கிறது. ஒன்றில்கூட நீ இருமவில்லை, கால் வலிக்கவில்லை, அழவில்லை. நீ வாக்கரை எந்த பீரோவுக்குப் பின்னால் வைத்திருக்கிறாய்? நானே முதலில் சொல்லிவிடுகிறேன்: உன் தலையணை உறையை நான் இன்னும் துவைக்கவில்லை, அப்பாவையும் துவைக்க விடவில்லை. பயிற்சியை முடித்துவிட்டே வா, அவசரமில்லை. ஆனால் எனக்கு எழுதும்போது மட்டும் வீட்டைப் பெருக்கிவிட்டு எழுதாதே, அம்மா. அப்படியே கதவைத் திற.

என்றும் உன்,
படிப்பாளி மகள்