சந்தனக் கிண்ணத்துக்காக ஒரு சண்டை

நேற்று குத்தம்பாக்கம் பக்கத்தில் ஒரு காதுகுத்து. மண்டப வாசலில் ஒரு சின்னப்பெண் சந்தனக் கிண்ணத்தை நீட்டினாள். விரலால் தொட்டுக் கழுத்தில் தடவினேன், அவ்வளவுதான், நீ நினைவில் வந்துவிட்டாய். உள்ளே தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருந்த குழந்தை வீறிட்டது. ஆசாரி ஊசியை எடுத்தார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. சாப்பிடாமலே கிளம்பி வந்துவிட்டேன். கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று மருமகள் நினைத்திருப்பாள். நினைக்கட்டும். இன்று உன்னிடம் பேசித்தான் தீர வேண்டும், தம்பி.

நம் ஊர் பாரிவாக்கத்தில் மற்றப் பிள்ளைகள் விழுந்தால் முட்டி சிராய்க்கும். உனக்குப் பூசணிக்காயாக வீங்கும். காயம் பட்டால் ரத்தம் நிற்காது. மஞ்சள், காப்பித்தூள், மந்திரித்த கயிறு, எல்லாம் பார்த்தாயிற்று. அம்மாவின் தம்பி பல் பிடுங்கப் போய், ரத்தம் நிற்காமலே செத்தவர். சாமி குத்தம் என்று அதை முடித்துவிட்டார்கள். சேக்காட்டிலிருந்து என்னைப் பெண்பார்க்க வந்தவர்கள் நீ நொண்டுவதைக் கவனித்துக் கேட்டபோது, “சைக்கிள்லேர்ந்து உயுந்துட்டான்” என்று அம்மா சமாளித்தாள். நீ சும்மா இருந்தாயா? எந்தப் புளியமரத்தில் மோதினாய் என்று ஒரு கதையே விட்டாய். அவர்களும் நம்பிவிட்டார்கள்.

அம்மா போன பிறகு பூந்தமல்லி டூரிங் டாக்கீஸில் டிக்கெட் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தாய். உட்கார்ந்த இடத்து வேலை, உன் முட்டிக்குத் தோது. எனக்கு மகன் பிறந்து தவழ ஆரம்பித்தபோது ஒருநாள் சேக்காட்டுக்கு வந்தாய். அவன் முட்டியிலும் முழங்கையிலும் நீலம் நீலமாகக் கன்றியிருந்ததைப் பார்த்தாய். வந்த காலோடு கிளம்பிவிட்டாய்.

அப்போது காதுகுத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. நீ என்னை டாக்கீஸுக்கு வரச் சொன்னாய். பகல் நேரம், கொட்டகையில் ஆளில்லை. மணலில் உட்கார்ந்தோம்.

“க்கா, புள்ளைக்கு காது குத்தாதே. எனக்கு கீறதுதான் அவனுக்கும் கீது.”

“வாயைக் கயுவுடா!” என்று கத்தினேன்.

நீ கோபப்படவில்லை. பக்கத்தில் கிடந்த சினிமா நோட்டீஸ் ஒன்றை எடுத்தாய். “பெரியாஸ்பத்திரி டாக்டரு எனக்குச் சொன்னதை உனுக்குச் சொல்றேன், கேளு. அச்சாபீஸ்ல ஒரு எயுத்த தப்பா கோத்துட்டான்னு வெச்சிக்கோ. அடிக்கிற நோட்டீஸ் பூரா அதே தப்புதான் வரும். ரத்தம் எப்டி உறையணும்னு நம்ம உடம்புல எயுதிக்கீற எடத்துல அப்டி ஒரு எயுத்து தப்பாயிட்ச்சி. பொம்பளைங்களுக்கு அம்மா ஒண்ணு, அப்பா ஒண்ணுன்னு ரெண்டு நோட்டீஸ். ஒண்ணு தப்பா இருந்தா, இன்னொண்ண வெச்சி உடம்பு சமாளிச்சிக்கும். ஆம்பளைக்கு அம்மா குடுக்கறது ஒண்ணே ஒண்ணுதான். நம்ம அம்மாகிட்டேர்ந்து எனக்கு தப்பானது வந்துட்ச்சி. உனுக்கும் வந்துகீது, ஆனா நீ நல்லா கீற. உன்கிட்டேர்ந்து அவனுக்கு.”

“அப்போ எம்புள்ளைய நானேவாடா கெடுத்தேன்?”

“நோட்டீஸ் குடுக்கிறவ இன்னா பண்ணுவா? அவளா அச்சு கோத்தா?”

இப்போது என் மகனைப் பார்க்கும் டாக்டர் மரபணு, எக்ஸ் குரோமோசோம் என்று படம் போட்டுக் காட்டுகிறார். நீ சொன்னதைத்தான் அவரும் சொல்கிறார், படம் மட்டும் அழகாக இருக்கிறது. அன்றைக்கு எனக்கு வேறு பயம். குழம்பில் உப்புக் குறைந்தாலே என் வம்சத்தை இழுக்கிறவள் என் மாமியார். நோயை மறைத்துப் பெண் கொடுத்தோம் என்று தெரிந்தால் அன்றைக்கே பிள்ளையும் கையுமாக என்னைத் தெருவில் நிறுத்திவிடுவாள். சொன்னால் வாழ்க்கை போகும், சொல்லாவிட்டால் பிள்ளை போவான். தலையில் அடித்துக்கொண்டு அழுதேன்.

“நீ ஒண்ணியும் சொல்லாதே. நான் சண்டை போட்டுக்கறேன். சண்டை இல்லாத காதுகுத்து எந்த ஊட்ல நடந்துகீது?” என்று சிரித்தாய். தாய்மாமன் உயிரோடு இருக்கும்போது வேறு மடியில் வைத்துக் காது குத்த மாட்டார்கள் என்பது உனக்குத் தெரியும்.

அந்த நாளில் என்ன கூத்து அடித்தாய்! சொன்ன நேரத்துக்கு ரொம்ப முன்னாலேயே சீர்த்தட்டுகளோடு வந்து, தெருமுனை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாய். எதிர்கொண்டு அழைக்க யாரும் வரவில்லையாம்! தகவல் தெரிந்து என் வீட்டுக்காரர் சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஓடினார். நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

“இன்னா மாமே, தாய்மாமன்னா உனுக்கு இளக்காரமா? சந்தனம் குடுக்கக்கூட ஆள் இல்லியா?”

“மச்சான், நீ முன்னாடியே வந்துட்டா நாங்க இன்னா பண்றது? வா மச்சான், நல்ல நேரம் போவுது.”

“மரியாதை தெரியாத ஊட்டுக்கு என் மடி எதுக்கு?”

மாமியார் வந்துவிட்டாள். “போடா, பெரிய ஜமீன்தாரு! இனிமே என் வாசப்படிய மிதிச்சே, தெரியும் சேதி!” தெருவே கூடிவிட்டது. நீ துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நொண்டிக்கொண்டே நடந்தாய். உன்னைப் பார்க்கச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அதன் பிறகு சமாதானம் பேச வந்தவர்களை நீ படுத்திய பாடு! பேண்டு வாத்தியம் வைத்து அழைத்தால்தான் வருவேன் என்றாய். அவன் வந்து என் காலில் விழட்டும் என்று மாமியார் நின்றாள். நீ விழவில்லை, காதுகுத்தும் நடக்கவில்லை. என் மகன் வளர்ந்தான். படம் பார்க்கும் சாக்கில் அவனைக் கூட்டிக்கொண்டு வருவேன். “அதான் சண்டைக்கார மாமா” என்று உன்னைக் கை காட்டுவான், பாட்டி சொல்லிக்கொடுத்த பாடம். டிக்கெட் கொடுக்கும் ஓட்டை வழியாக ஒரு முறுக்கை நீட்டுவாய். அவன் வாங்காமல் என் பின்னால் ஒளிந்துகொள்வான். நீ சிரிப்பாய். எனக்குத்தான் அப்புறம் படமே தெரியாது.

ஒருநாள் நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டாய். தலைவலிதானே என்று படுத்தாய், எழுந்திருக்கவே இல்லை. தலைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது. சாவுக்கு என் வீட்டுக்காரர் வந்தார். மாமியார் வரவில்லை.

காரியம் முடிந்து சேக்காட்டுக்குத் திரும்பினேன். மாமியார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “சரி, போனவன் போய்ட்டான். உன் பெரிப்பா மவன் மடியில உக்கார வெச்சி காது குத்திடலாம்” என்றாள், ஆறுதல் சொல்வதுபோல.

இனி எனக்காகச் சண்டை போட நீ இல்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மாமாவின் பல், சைக்கிள் பொய், நோட்டீஸ், டீக்கடைச் சண்டை, எல்லாம். கட்டியிருந்த புடவையோடு வெளியே போகத் தயாராக எழுந்தும் நின்றுவிட்டேன்.

மாமியார் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். “எம்பேரன் உசுருக்காவவாடி அந்தப் புள்ள எங்கிட்ட அவ்ளோ திட்டு வாங்கிச்சி?” பிறகு மார்பில் அடித்துக்கொண்டாள். “அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நான் இன்னா ராட்சசியா?” மறுநாள் காலையில் பேரனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவளேதான் என்னைப் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அவன் இருக்கிறான், தம்பி. முட்டி மடங்காது, கைத்தடி வைத்திருக்கிறான், ரத்தம் உறைய ஊசி போட்டுக்கொள்கிறான். நீ பார்க்காத வயதெல்லாம் பார்த்துவிட்டான். போன வருஷம் அவன் மகளைப் பெண்பார்க்க வந்தார்கள். காபி வருவதற்கு முன்பே நான் ஆரம்பித்துவிட்டேன். அப்பாவிடமிருந்து அந்தக் கோளாறு இவளுக்கு நிச்சயம் வந்திருக்கும், பிறக்கிற பையனுக்கு வரலாம், வராமலும் போகலாம், பிறந்ததும் ரத்தம் பார்த்துவிட வேண்டும் என்றேன். மருமகள் என்னை முறைத்தாள். மாப்பிள்ளையின் அம்மாவோ, “அதுக்குத்தான் ஊசி கீதில்ல பாட்டி?” என்று கேட்டாள். கல்யாணம் நல்லபடியாக நடந்தது.

எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். எனக்கு மட்டும் ஆற்றாமை. உன் மேலும் கோபம், என் மேலும் கோபம். நாம் இரண்டு பேரும் என் மாமியார்க் கிழவியை அவ்வளவு மட்டமாக எடை போட்டுவிட்டோமேடா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நீ காலை நீட்டிக்கொண்டு என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பாய். என் மகனும் பயப்படாமல் வந்து உன் மடியில் ஏறியிருப்பான்.