வடக்கு வழியாகப் போகிறவனுக்கு

சாலை, திருவனந்தபுரம்
9-8-1978

அன்புள்ள மகன் யோசுவாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் இரக்கத்தில் நானும் அப்பாவும் சுகமாய் இருக்கிறோம், நீயும் டேராடூனில் சுகமாய் இருக்க வேண்டிக்கொள்கிறோம். எப்போதும் எழுதுகிற இந்த வரியை எழுத இந்தத் தடவை எனக்குக் கை வரவில்லை, என்றாலும் எழுதிவிட்டேன். அப்பாவுக்கு மழையில் இருமல் கூடியிருக்கிறது, கடைக்குப் போகாமல் இரும் என்றால் கேட்கமாட்டார், கம்பியும் கயிறும் நனையாமல் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு அவர் மட்டும் நனைந்துகொண்டு வருகிறார்.

உன் கடிதம் வந்தது. செப்டம்பரில் மறுபடியும் அந்த மலைக்குப் போகிறாய், இந்தத் தடவை நீயே தலைவன், புதுக் கூடாரம், புதுக் கயிறு, எல்லாம் படித்தேன். மழை ஓய்ந்து குளிர் இறுகுவதற்கு முன்னால் அங்கே காற்று கொஞ்ச நாள் அடங்கும், அதற்குள் ஏறி இறங்கிவிடலாம் என்று எழுதியிருக்கிறாய். போன தடவையும் இதையேதான் எழுதியிருந்தாய். கூடாரத்தைக் கிழித்துத் தாணுவைச் சரிவில் தள்ளிய காற்று உன் கடிதத்தைப் படிக்கவில்லை போலிருக்கிறது. தாணு உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன், உன்னைப் பார்த்து மலை ஏறக் கிளம்பியவன், பார்வதியம்மாளுக்கு ஒரே ஆண்பிள்ளை. இதெல்லாம் உனக்கு நான் எழுதித் தெரிய வேண்டியதில்லை, ஆனால் உன் கடிதத்தில் இது எதுவும் இல்லாததால் எழுதுகிறேன். அவன் அங்கேயே பனியில் கிடக்கிறான், நீ கால்விரல்களை மட்டும் கொடுத்துவிட்டு வந்தாய், அந்தக் காலோடுதான் இப்போது தலைவன்.

போன கிறிஸ்மஸுக்கு லீவில் வந்திருந்தபோது பார்வதியம்மாள் வீட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். அவள் உனக்கு இலை போட்டுச் சோறு வைத்தாள். தாணுவைப் பற்றிப் பேச்சு வந்ததும் அவள் அழுதாள், நீ சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “அத்தை அழாதீங்கோ, அடுத்த மட்டம் போகும்போ நான் தாணுவைக் கொண்டுட்டு வந்துருவேன்” என்றாய். நானும் பக்கத்தில்தான் இருந்தேன், என் பிள்ளையைப் பற்றிப் பெருமையாகக்கூட இருந்தது. மறுநாள் சாயங்காலம் நம் வீட்டில் தலையணைகளை ஒன்றின்மேல் ஒன்றாய்க் குவித்து அப்பாவுக்கும் உன் கூட்டாளிகளுக்கும் மலையைக் காட்டிக்கொண்டிருந்தாய். தெற்குச் சரிவில் காற்று ஆளை அறைந்து தள்ளும், இனி வடக்கு வழிதான் என்றாய். அப்பா, “அப்போ தாணு கெடக்குறது எங்கலே?” என்று கேட்டார். “அது தெற்குப் பக்கம்லாப்பா, அங்கே இனி ஆரும் போகமாட்டாங்கோ” என்று தலையணையைத் தட்டிக்கொண்டே சொன்னாய். காப்பி டம்ளரோடு நான் வாசற்படியில் நின்றேன். பிறகு அடுக்களையில் உன்னைத் தனியாக நிறுத்தி, ஏன் அவளிடம் அப்படிச் சொன்னாய் என்று கேட்டதற்கு, “அவங்க அழுதாங்கம்மா, நான் வேற என்ன சொல்லணும்?” என்றாய். நீயே அவளுக்கு ஒரு வரி எழுதிவிடுவாய் என்று நினைத்து விட்டுவிட்டேன். நீ எழுதவில்லை.

நீ ரயில் ஏறிப் போனபிறகு இங்கே என்ன நடந்தது என்று கேள். தை அமாவாசைக்கு மகனுக்குக் காரியம் செய்துவிட்டு மகள் நாச்சியாருக்குக் கல்யாணம் நடத்துவதாகப் பார்வதியம்மாள் மனசைத் தேற்றி வைத்திருந்தாள், கோட்டாற்றில் மாப்பிள்ளையும் பேசி முடித்திருந்தது. உன் சொல்லைக் கேட்டபிறகு காரியமும் வேண்டாம், கல்யாணமும் இப்போது வேண்டாம் என்றுவிட்டாள். மகன் வரட்டும், கண்ணால் ஒருதடவை பார்த்துவிட்டு எல்லாம் செய்யலாம் என்றாள். மாப்பிள்ளை வீட்டார் சித்திரை வரைக்கும் பொறுத்துப் பார்த்தார்கள், பிறகு நெய்யாற்றின்கரையில் வேறு பெண்ணை எடுத்துவிட்டார்கள். நாச்சியார் இப்போது சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருக்கிறாள். போன மாதம் நான் சேலை எடுக்கப் போனபோது, கூட்டம் குறையும்வரை காத்திருந்து என்னிடம் கேட்டாள், “பெரியம்மே, யோசுவா அண்ணன் நெசமாட்டே அண்ணனைக் கொண்டு வருவானா?” அந்தப் பிள்ளை முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உனக்கு வந்ததே, அது எப்படி வந்தது என்றுதான் அன்று முழுக்க நினைத்தேன்.

அன்றைக்கே பார்வதியம்மாள் வீட்டுக்குப் போய், நீ தலையணை வைத்துச் சொன்ன எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மீன் அரிந்துகொண்டிருந்தாள். அழுவாள், என்னைத் திட்டுவாள் என்று நினைத்துத்தான் போனேன். அவள் கையை நிறுத்தவே இல்லை. கடைசியில் சொன்னாள், “எம் மொகத்தப் பாத்துச் சொன்னாம்லா, செல்லபாய். எம் பிள்ளைய விட்டுட்டு வந்தவன், அவனுக்கு நெஞ்சு அறுத்துட்டு கெடக்கும், அதான் இப்பிடிச் சொல்லுகான்னு நெனச்சேன். நம்பலேன்னா அவன் சங்கடப்படுவான்னு நம்புனேன்.” அவ்வளவுதான். பிறகு மீன் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். உனக்காக அவள் நம்பியிருக்கிறாள், யோசுவா. உன் சங்கடத்துக்காகத் தன் மகள் கல்யாணத்தைக் கைவிட்டிருக்கிறாள். இதைக் கேட்டுவிட்டு நான் தெருவில் எப்படி நடந்து வந்தேன் என்று எனக்குத் தெரியாது.

போன வெள்ளிக்கிழமை ஆடி அமாவாசை. திருவல்லத்தில் ஆற்றங்கரையில் தாணுவுக்குப் பிண்டம் வைத்துப் பலி போட்டார்கள். ஆண்பிள்ளை இல்லாததால் சித்தப்பா மகன் ஒருவன் வந்து செய்தான். நாம் வேதக்காரர்கள், எனக்கு அங்கே வேலையில்லை, என்றாலும் போனேன், மழையில் குடை பிடித்துக்கொண்டு கூட்டத்துக்கு வெளியே நின்றேன். நனைந்த சேலையோடு திரும்பி வரும்போது பார்வதியம்மாள் என்னைப் பார்த்தாள், நிற்காமல் போய்விட்டாள். நாச்சியார்தான் பின்தங்கி, என் குடைக்குள் வந்து கொஞ்ச தூரம் நடந்தாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோதுதான் உன் கடிதம் வந்து கிடந்தது. தாணுவின் போட்டோ ஒன்று அவன் அம்மாவிடம் வாங்கி அனுப்பு, உச்சியில் வைத்துவிட்டு வருகிறேன், அவன் நினைவாகத்தான் போகிறோம் என்று பேப்பர்காரர்களிடமும் சொல்லியாச்சு என்று எழுதியிருந்தாய். அப்பா படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார், இதுவரை உன் பேச்சை எடுக்கவில்லை. மறைப்பதற்கு இனி என்ன இருக்கிறது என்று, நீ போட்டோ கேட்டதை நான் நாச்சியாரிடம் சொன்னேன், அவள் தாயிடம் சொல்லியிருக்கிறாள். நேற்று அவள் வந்து தாய் சொன்ன பதிலைச் சொன்னாள். “அவன் மலைக்குப் போட்டும், அது அவன் ஆசை. எம் பிள்ள பேரச் சொல்லிப் போவாண்டாம். மேல போய் நின்னாலும் பேரச் சொல்லாண்டாம்னு சொல்லு.” சொல்லிவிட்டு அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்காமல் செருப்பைப் போட்டாள்.

ஆகையால் போட்டோ வராது. பேப்பர்காரர்களிடம் உன் வாயாலேயே மாற்றிச் சொல். எனக்கு மலை பிடித்திருக்கிறது, உச்சியைத் தொடாமல் இருக்க முடியவில்லை, அதனால் போகிறேன் என்று சொல், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. போகாதே என்று நான் எழுதப்போவதில்லை, எழுதினால் நீ நிற்கிறவனும் இல்லை. உன்னோடு வருகிற பையன்களுக்கும் அம்மாமார் இருப்பார்கள். காற்று எழும்பினால் உச்சி கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தாலும் எல்லாரையும் திருப்பிக்கொண்டு இறங்கு. அவர்களில் யாருடைய வீட்டுக்கும் போய் நீ இன்னொரு தடவை சோறு தின்ன வேண்டாம்.

விரல் போன இடத்தில் ஈரம் படவிடாதே, காலுறை நனைந்தால் உடனே மாற்று. கம்பளிச் சட்டை பின்னி முடித்துவிட்டேன், பார்சலில் வரும், கழுத்து இறுக்கமாக இருந்தால் வெட்டாதே, போட்டுப் போட்டுத் தளரும். ஆண்டவர் உன்னைத் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும், உனக்கு நல்ல மனசையும் கொடுக்கட்டும், தினமும் முழங்காலில் நின்று இதைத்தான் கேட்கிறேன். ஒன்றை மறக்காதே, மலையிலிருந்து இறங்கி ஊருக்கு வந்தால் முதலில் இங்கே வராதே. பெட்டியோடு நேரே பார்வதியம்மாள் வீட்டுக்குப் போ. கதவைத் திறந்தால் உள்ளே போய் உட்கார். திறக்காவிட்டால், திறக்கிறவரைக்கும் வெளியே நில். அதற்கப்புறம்தான் உனக்கு இந்த வீட்டில் சோறு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா
செல்லபாய்