காய்ச்சல் வார்டில் உட்கார்ந்தவளுக்கு

என் அன்பான பரிமளம்,

உன் அம்மா வந்துவிட்டுப் போனார். யாழ்ப்பாணத்திலிருந்து தனியாக ரயிலேறி, கண்டி ஸ்டேஷனில் வந்து நின்றார். இதை உன்னைத் தவிர வேறு யாரிடம் சொல்வேன்? அன்றன்று நடந்ததையெல்லாம் உன்னிடம் கொட்டிவிட்டுத் தூங்கியே பழகிவிட்டேன்.

அவர் அழவில்லை. தாதிமார் விடுதியில், நம் அறையில், உன் கட்டிலில் உட்கார்ந்து, விரிப்பைத் தடவிக்கொண்டே கேட்டார்: "பிள்ளை, என்ர மகள் அந்தச் சனத்தைப் பாக்கப் போய்த்தானே செத்தவள். அவள் பாத்த ஆக்களில ஆராவது உயிரோட இருக்கினமோ?"

என்ன பதில் சொல்வது, பரி? உனக்கு எல்லாம் தெரியும். ஆனால் இந்தக் கடிதத்தை இனி என்னோடு வேலைக்கு வரும் தாதிமாரும் படிக்கப்போகிறார்கள். அவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

போன வருஷம் மழை பொய்த்தது. மகாவலி ஆறு வற்றிக் குட்டை குட்டையாகத் தேங்கியது. அந்தக் குட்டைகளிலிருந்து நுளம்பு கிளம்பிற்று. பின்னாலேயே மலேரியாக் காய்ச்சல் வீடு வீடாக நுழைந்தது. தெல்தெனியப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தைக் காய்ச்சல் ஆஸ்பத்திரியாக மாற்றி, கண்டியிலிருந்து உன்னையும் என்னையும் அனுப்பினார்கள். ஒரு டாக்டர், இரண்டு தாதிமார், உதவிக்கு ஓர் ஆயா. பிள்ளைகள் உட்காரும் வாங்குப் பலகைகளைச் சேர்த்துப் போட்டால் கட்டில். அதற்கும் இடமில்லாதவர்களுக்குத் தரையில் பாய்.

டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "கொயினா மருந்து கொடுங்கள், அடுத்தவரிடம் போங்கள். யாரிடமும் நிற்க வேண்டாம், உட்கார வேண்டாம். ஒருவரிடம் நீங்கள் நின்றால் இன்னொருவர் போய்விடுவார்." அவர் கெட்ட மனிதரல்ல. அவருக்கே காய்ச்சல் விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது. அதோடுதான் ஊசி போட்டார்.

பாத்தும்மா வந்தது அடுத்த வாரம். திகனயில் சின்னதாய்க் கடை வைத்திருந்த ஒருவரின் மனைவி. கைக்குழந்தையோடு வந்தாள். தாய்க்கும் பிள்ளைக்கும் காய்ச்சல். ஒரு காலையில் பிள்ளை அவள் மடியிலேயே அடங்கிவிட்டது. அவள் கொடுக்கமாட்டேன் என்றாள். ஆயா இழுத்துப் பார்த்தாள்; பாத்தும்மா அவள் கையைக் கடித்துவிட்டாள். அவள் புருஷன் வெளியே தலையில் கைவைத்து நின்றார். உடலை அதிக நேரம் அங்கே வைத்திருக்கவும் முடியாது.

நீ மருந்துத் தட்டைக் கீழே வைத்தாய். அவளருகில் தரையில் உட்கார்ந்தாய். பிள்ளையைத் தா என்று கேட்கவில்லை. "பேர் என்ன வச்சனீங்கள்?" என்று கேட்டாய். அவள் பிள்ளையை இன்னும் இறுக அணைத்துக்கொண்டாள். நீ எழுந்திருக்கவுமில்லை. கடைசியில் அவளே பேரைச் சொன்னாள். "குளிப்பாட்டுவமே? நான் தண்ணி ஊத்துறன், நீங்கள் கழுவுங்கோ" என்றாய். வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, மெல்ல மெல்ல ஊற்றினாய். உயிருள்ள பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல அதன் காதுமடலின் பின்னாலெல்லாம் அவள் துடைத்தாள். பிறகு அவளாகவே உன் கையில் தந்தாள். நீ வாசல்வரை ஏந்திப் போய்த் தகப்பனிடம் கொடுத்தாய்.

அதற்குள் வெளியே பலாமரத்தடியில் மருந்துக்குக் காத்திருந்த வரிசையில் ஒருவர் சாய்ந்துவிட்டார். அப்புஹாமி என்று பேர். வயலில் வேலை செய்கிறவர். நான் பிள்ளைகளின் அறையில் இருந்தேன்; அந்த வரிசை உன்னுடையது. அந்த மருந்து அவரைக் காப்பாற்றியிருக்குமா? அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

டாக்டர் எல்லோருக்கும் முன்னால் உன்னைக் கேட்டார்: "செத்துப்போன ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். உயிரோடிருந்த ஒருவர் போய்விட்டார். இது உனக்குப் புரிகிறதா?"

"ஓம் டொக்டர், விளங்குது" என்றாய். மீதி வரிசைக்கு மருந்து கொடுத்து முடித்துவிட்டு, அப்புஹாமியின் மனைவியிடம் போனாய். உனக்குச் சிங்களம் அவ்வளவாக வராது. அவளுக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேரும் மரத்தடியில் சும்மா இருந்தீர்கள்.

திரும்பி வந்து என்னிடம் சொன்னாய்: "ரோஸ், நாளைக்கும் அப்பிடி ஒரு தாய் இருந்தா நான் இருப்பன். ஆனா இருந்தது சரியெண்டு சொல்லமாட்டன்." 

பாத்தும்மா உனக்கு நன்றி சொன்னாளா? அதுவுமில்லை. மருந்தைக் கொண்டுபோனால் வாயை இறுக மூடிக்கொண்டாள். கையைத் தட்டிவிட்டாள்; மருந்து உன் முகத்தில் தெறித்தது. "என்ன ஏன் விடாம பிடிச்சிட்டு ஈக்கிறீங்க? நானும் புள்ளயோட மவுத்தாகிப் போறேனே!" என்று உன்னைத் திட்டினாள். நீ முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்தவரிடம் போனாய். சுற்று முடிந்ததும் மறுபடி அவளிடம் வந்தாய். சில வேளை ஒரு வாய் இறங்கியது. சில வேளை அதுவுமில்லை.

பிறகு உனக்கே வந்துவிட்டது. குளிர் எடுத்தபோது இரண்டு உடுப்பை மேலே மேலே போட்டுக்கொண்டு நின்றாய். "ஒண்டுமில்லை, வெயிலுக்குச் சரியாகிடும்" என்றாய். ஒருநாள் வாசலிலேயே விழுந்தாய். சாமான் அறையை ஒழித்து உன்னைக் கிடத்தினோம். டாக்டர் தன்னால் முடிந்ததெல்லாம் செய்தார். காய்ச்சல் தலைக்கு ஏறிவிட்டது என்றார்.

அந்தப் பின்னேரம் உன் கை என் கையில் இருந்தது. உனக்குக் கொஞ்சம் நினைவு திரும்பியது. நோயாளிகள் படுத்திருந்த கூடத்திலிருந்து சத்தம் கேட்டது. தண்ணீர் கேட்டார்கள். ஆயாவும் காய்ச்சலில் படுத்துவிட்டாள். டாக்டர் பக்கத்துக் கிராமத்துக்குப் போயிருந்தார்.

"போ ரோஸ். அங்க கூப்பிடுகினம்."

"நான் போகல்ல பரி."

"போவன்..."

நான் போகவில்லை. உன் மூச்சு நிற்கும்வரை அந்த இடத்தைவிட்டு எழவில்லை. கூடத்துச் சத்தம் இடையிலேயே அடங்கிவிட்டது. ஏன் அடங்கியது என்று அப்போது நான் கேட்கவுமில்லை.

இதையெல்லாம் உன் அம்மாவிடம் சொன்னேன். அப்புஹாமியைப் பற்றியும் மறைக்கவில்லை. கேட்டுவிட்டு, "அந்தத் துலுக்கப் பிள்ளை இருக்கிறாளோ? எனக்கு அவளைப் பாக்கவேணும்" என்றார். மறுநாள் பஸ்ஸில் திகனக்குப் போனோம். கடையை விசாரித்துக் கண்டுபிடித்தோம்.

பாத்தும்மா என்னை அடையாளம் கண்டுகொண்டாள். ஆஸ்பத்திரியில் நம்மை அழைத்ததுபோலவே "மிஸ்ஸி" என்றாள். பக்கத்தில் நிற்பது யார் என்று நான் சொன்னதும், அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைப் போட்டுவிட்டு ஓடிவந்து உன் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். நீ போன பின்னேரத்தைப் பற்றி அவள் சொன்னது எனக்கே புதிது.

"எல்லாரும் தண்ணி தண்ணிண்டு கத்தினாங்க உம்மா. ரெண்டு மிஸ்ஸியும் வரல்ல. எனக்கு வெளங்கிட்டு, அந்த மிஸ்ஸிக்கு ஏலாமப் போயிட்டுண்டு. நான் எழும்பினேன். செவரப் பிடிச்சுப் பிடிச்சுப் போய் ஒவ்வொருத்தருக்கும் ஊத்தினேன். எனக்கு யாரும் சொல்லல்ல. அந்த மிஸ்ஸி இருந்தா செய்யிறததான் செஞ்சேன்."

நான் குனிந்து, சிதறிய அரிசியைச் சுளகில் அள்ளினேன், பரி.

உன் அம்மா அவள் தலையைத் தடவினார். பிறகு சொன்னார்: "நீ நல்லா இரு மோளே. உனக்கு இன்னும் பிள்ளையள் பிறக்கும். ஆனா எனக்கு என்ர பிள்ளைதான் வேணும். என்ன செய்யிறது, எனக்கு அவள்தான் வேணும்." அப்போதுதான் அழுதார். பாத்தும்மா ஆறுதல் சொல்ல முயலவில்லை. தரையில் உட்கார்ந்து அவரை மடியில் சாய்த்துக்கொண்டாள். கடைக்கு வந்தவர்கள் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

ரயிலேற்றிவிட்டபோது ஜன்னல் வழியாக என் கன்னத்தைத் தொட்டார். "நீயும் அப்பிடிப் போயிடாதை" என்றார். நான் தலையை ஆட்டினேன். உண்மையாக ஆட்டினேனா?

இப்போது இங்குள்ள செய்தி. காய்ச்சல் இன்னும் விட்டபாடில்லை. போன கிழமை தாதிமாருக்குத் தலைவியான மேட்ரன் என்னைக் கூப்பிட்டு, இன்னொரு ஊருக்கு இரண்டு தாதிமாரை அழைத்துக்கொண்டு போகச் சொன்னார். புதிதாய்ப் படித்து முடித்த பிள்ளைகள். "உங்க தோழி மாதிரி அன்பா நடந்துக்கச் சொல்லிக் குடுங்க" என்றார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். 

"அன்பு அவகிட்ட நெறைய இருந்திச்சு மேடம்" என்றேன். "கைதான் பத்தல்ல. ஒருத்தி உட்காந்தா வரிசையப் பாக்க இன்னொருத்தி வேணும். ஆள் தராம எங்கள அனுப்பாதீங்க, நான் போகமாட்டேன்." வேலை போகும் என்று பயந்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். இன்னும் முடிவு சொல்லவில்லை.

பரி, உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். என் கீழ் வேலை செய்யும் எந்தப் பிள்ளையையும் செத்த குழந்தையின் தாய்க்கும் மருந்துக்கு நிற்கிறவருக்கும் நடுவில் தனியாக நிற்க விடமாட்டேன். ஆள் கேட்டுக்கொண்டே இருப்பேன். மேட்ரன் என்னை வெறுக்கிற அளவுக்குக் கேட்பேன். அந்தப் பிள்ளைகளுக்கு உன்னைப் பற்றிச் சொல்வேன். அப்புஹாமியைப் பற்றியும் சொல்வேன். அவரை மறைத்துவிட்டு உன்னை நல்லவள் என்று சொன்னால், நீ என்னை மன்னிக்கமாட்டாய்.

உன் அம்மாவுக்கு இனி மகளாயிருக்கும்,
உன் சகோதரி,
ரோஸ்லின்
கண்டி